கவ் என்றொரு வினை

காலை ஆறே முக்கால். கொரியாவில் பத்தேகால்.
வலங்கைமானில் எங்கள் தெருவுக்கு சிக்னல் வருவது
மாடிப்படியில் ஏழாவது படிக்கு மட்டும்.
அங்கே உட்கார்ந்து நான் இங்கிலீஷ் விற்கிறேன்,
அரை மணிக்கு நூற்றெண்பது ரூபாய், கமிஷன் போக.
வாங்குகிறவர் பியான் தோக்-ஜூ, வயது ஐம்பத்து மூன்று,
குன்சானில் ஒரு மீன் கிடங்கில் கணக்கு.
கேமராவில் நெற்றியை மட்டும் காட்டுவார்.

இன்றைய சொல்: கவ்.
"மாடா, டீச்சர்?"
எழுத்து அதேதான், ஆனால் இது வினை.
"மாடு என்ன வினை செய்யும்? முட்டுமா?"
மாட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை,
வேறு ஏதோ பனிநாட்டிலிருந்து வந்த சொல்லாம்.
அடிப்பது அல்ல, எழுதிக்கொள்ளுங்கள்.
அடிக்காமலே ஒருவரை
அடிவாங்கியவர்போல் உட்கார வைப்பது.

பேனா கீறும் சத்தம். பிறகு சொன்னார்:
எங்கள் மொழியில் பயத்தை ஒருவர் கொடுப்பார்,
இன்னொருவர் தின்பார்.
உண்மையாகவே தின்பதுதானா?
சோற்றுக்கு என்ன சொல்லோ அதே சொல்.
எப்படி இருக்கும் என்று கேட்டேன், விளையாட்டுக்கு.
"மேனேஜர் திங்கட்கிழமை கொடுப்பார்.
வியாழன் வரை ஜீரணமாகாது."

நாங்கள் பயத்தைக் காட்டுவோம்.
உருட்டுவோம், மிரட்டுவோம்.
பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கே குடமுருட்டி என்றுதான் பேர்.
இதையெல்லாம் எந்த இங்கிலீஷில் சொல்ல?
கவ் என்றதும் எனக்குள் ஓடியது கவ்வு,
மண்ணைக் கவ்வு. அதையும் சொல்லவில்லை.

எதிர்வீட்டில் பைக் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை.
வசூல் தம்பி கத்துகிற ரகமில்லை.
நாற்காலியை அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வான்.
தண்ணீர் கேட்பான். குடிக்க மாட்டான்.
"கட்டுறப்ப கட்டுங்கக்கா, நான் இருக்கேன்."
தையல்நாயகி பாதி துவைத்த போர்வையோடு நின்றாள்,
முழங்கை வரை சோப்பு நுரை.
"பாப்பா காலேஜுக்கு எந்த பஸ்ல போகுது?
ஏழு அம்பதா, எட்டு இருபதா?"

டீச்சர், ஒரு உதாரணம், என்றார் பியான்.

இவ்வளவு பக்கத்தில் எந்தப் பாடத்துக்கும்
உதாரணம் கிடைத்ததில்லை.
அவள் கவ் செய்யப்பட்டாள்.
செயப்பாட்டு வினை, பார்த்துக்கொள்ளுங்கள்.
"யாரால்? எழுத வேண்டாமா?"
கட்டாயமில்லை. செய்தவர் பெயர் இல்லாமலே
வாக்கியம் முழுசாக நிற்கும்.
அதுதான் இதில் வசதி.

சொன்னதும் நாக்கு வறண்டது.
எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருத்தி தவறினால்
மற்ற நாலு பேர் கட்டணும், தலைக்கு முந்நூற்றுப் பத்து.
போன செவ்வாய் அவள் வாசலில் போய் நின்ற நாலு பேரில்
நான் இரண்டாவது.
எதுவும் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
நாற்காலிகூடக் கேட்கவில்லை.

"டீச்சர்? லைன் இருக்கிறதா?"

கடைத்தெருப் பக்கம் யாரோ வெடி சோதித்தார்கள்.
வெடிக்கடை ஊர், மாதம் பார்த்தா வெடிக்கும்?
தெருவில் படுத்திருந்த செவலை மாடு
காதை ஒருமுறை ஆட்டியது, அவ்வளவுதான்.
வசூல் தம்பி துள்ளி எழுந்தான், நாற்காலி சாய்ந்தது.
தையல்நாயகி சிரிக்கவில்லை. நானும்.

ஆறாம் படியில் ஒரு கோடு. நாலாம் படியில் சுத்தமாக இல்லை.
பியானின் நெற்றி அப்படியே உறைந்து நின்றது.
தெருவைக் கடந்தேன். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி
அதில் நான் உட்கார்ந்தேன்.
என்ன சொல்வதென்று யோசித்து வரவில்லை.
"ஏழு அம்பதுக்கு நானும் போறேன் தம்பி, பாப்பாகூட.
நீங்க எந்த ரூட்டு?"

திரும்ப ஏறியபோது ஒரு மெசேஜ் கிடந்தது:
டீச்சர், மீதி பதினோரு நிமிடத்தை
அடுத்த வகுப்பில் சேர்க்கவும்.
அதன் கீழே, உதாரணம் ஒன்று என்று எண்ணிட்டு,
இன்று செவ்வாய். நான் இன்னும் தின்றுகொண்டிருக்கிறேன்.

காலம் சரி. எழுவாய் இருக்கிறது.
டிக் போட்டேன்.